பழைய யந்திரமும் கடைமடை நிலமும்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி பொழுது விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் இரண்டு தலைமுறையாக வளர்ந்து நின்ற தென்னந்தோப்புகளைச் சில மணி நேரத்துக்குள் சாய்த்துவிட்டுப் போன பிறகு, விழுந்த மரங்களுக்காக அழுது ஆறுவதற்குள்ளாகவே குடியானவர்களை வந்து பிடித்துக்கொண்ட கவலை, அந்த மரங்களை எப்படி அப்புறப்படுத்துவது என்பதே. பல நூறு கிலோ எடையுள்ள பச்சைத் தடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த தோப்புக்குள் மாட்டு வண்டி நுழைய இடமில்லை. ஆள் பலத்தால் ஆகக்கூடிய காரியமும் அதில் சொற்பமே. கிடப்பது கிடக்கட்டும் என்று விட்டுவிடவும் முடியவில்லை. ஏனெனில் மக்கிப்போகும் தென்னந்தடியிலேதான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, புயலுக்குத் தப்பி நின்ற மரங்களின் குருத்தையும் புதிதாக நட்ட கன்றுகளின் குருத்தையும் குடைந்து நாசம் செய்யும். அந்த மாதங்களில் ஜேசிபி யந்திரத்தை வாடகைக்குப் பேசிவிட்டுத் தம் முறை வரும் வரையில் காத்திருந்து தோப்பைச் சுத்தம் செய்தவர்களில் அநேகர் மனத்தில், நமக்கென்று சிறியதாக ஒரு யந்திரம் சொந்தமாக இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்ற எண்ணம் வேர்விட்டது. புது யந்திரத்தின் விலை கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறபடியால், அந்த எண்ணம் பழைய யந்திரத்தின் பக்கம் திரும்புவது இயல்பு.

அப்படித் திரும்புகிறவர்களின் பேச்சில் இப்போது அடிபடுவது ஸ்கிட் ஸ்டியர் லோடர் என்ற சிறிய வாரி யந்திரம். பாப்கேட் என்று சிலரும் மினி ஜேசிபி என்று சிலரும் இதைச் சொல்கிறார்கள். நகரங்களில் கட்டட வேலையிலும் துறைமுகங்களிலும் தொழிற்சாலை முற்றங்களிலும் சில வருஷங்கள் உழைத்த பின்னர் விலைக்கு வருகிற இந்த யந்திரங்களில் ஒன்றை வாங்கித் தோப்புக்குக் கொண்டுவரலாமா, கொண்டுவருவதானால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை, யந்திரத்தின் உள்வயணம் அறியாத வாசகருக்கும் விளங்கும்படி சொல்ல விரும்புகிறேன்.

இந்த யந்திரம் பிறந்ததே ஒரு விவசாயியின் தேவையினால்தான். அமெரிக்க ஐக்கிய நாட்டில் மின்னசோட்டா மாநிலத்தில் ராத்சே என்ற சிற்றூருக்கு அருகே வான்கோழி வளர்த்த ஒருவருக்குத் தம்முடைய மாடிக் கொட்டகையில் சேரும் எருவை வாரி வெளியேற்ற ஒரு சாதனம் தேவைப்பட்டது. தளம் தாங்கும் அளவுக்கு எடை குறைந்ததாகவும், நெருக்கமாக நிற்கும் தூண்களுக்கு இடையே புகுந்து திரும்பக்கூடியதாகவும் அது இருக்க வேண்டும் என்று அவர் கேட்க, அந்த ஊரில் பட்டறை வைத்திருந்த சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்ற சகோதரர்கள் 1957-ஆம் ஆண்டு மூன்று சக்கரங்களோடு ஒரு சிறு வண்டியைச் செய்து கொடுத்தார்கள். அடுத்த வருஷமே வடக்கு டக்கோட்டாவிலுள்ள மெல்ரோ கம்பெனி அந்தச் சகோதரர்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1960-இல் நான்கு சக்கரங்களிலும் விசை பாயும் யந்திரம் வெளிவந்தது. 1962-இல் பாப்கேட் என்ற பெயர் அதற்கு வாய்த்தது. அந்தப் பெயருக்குரிய கம்பெனிக்கு இன்று நம் கும்மிடிப்பூண்டியிலேயே ஒரு தொழிற்சாலை இருக்கிறது. ஜேசிபி, கேஸ் முதலிய கம்பெனிகளும் இவ்வகை யந்திரங்களை இந்தியாவில் விற்றிருக்கின்றன. பழைய யந்திரம் தேடுவோர் கண்ணில் படுபவை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

இது திரும்பும் விதத்தைப் புரிந்துகொண்டால்தான், நம் நிலத்துக்கு இது ஏற்குமா ஏற்காதா என்பதை நிதானிக்க முடியும். டிராக்டரிலும் காரிலும் முன்சக்கரங்கள் ஒடிந்து திரும்புவதால் வண்டி திரும்புகிறது. இதில் எந்தச் சக்கரமும் ஒடிவதில்லை. இடப்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டையும் ஓர் ஆயில் மோட்டார் சங்கிலி மூலமாகச் சுழற்றுகிறது. வலப்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டையும் மற்றொரு மோட்டார் சுழற்றுகிறது. ஒரு பக்கத்து வேகத்தைக் குறைத்தால் வண்டி அந்தப் பக்கமாகத் திரும்பும். ஒரு பக்கத்தை முன்னோக்கியும் மறு பக்கத்தைப் பின்னோக்கியும் செலுத்தினால் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொள்ளும். அப்படிச் சுற்றும்போது நான்கு டயர்களும் தரையைப் பக்கவாட்டில் அரைத்துக்கொண்டுதான் நகர வேண்டும். சிமெண்டுத் தளத்தில் அந்த அரைப்பு டயரைத் தின்னும். ஈர மண்ணில் நிலத்தைத் தின்னும்.

ஆகையால் யந்திரத்தைப் பார்க்கப் புறப்படுவதற்கு முன்னால் சொந்த நிலத்தைப் பார்க்க வேண்டும். பழைய தஞ்சை ஜில்லா முழுவதும் ஒரே மண் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. காவிரியும் அதன் கிளைகளும் ஆயிரக்கணக்கான வருஷங்களாக வண்டலைக் கொட்டி உண்டாக்கிய கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துக் களிமண் வேறு. 1934-இல் மேட்டூர் அணை முடிந்ததையொட்டி, ஊரார் புது ஆறு என்று வழங்கும் கல்லணைக் கால்வாயினால் பாசனம் பெற்ற பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துச் செம்மண் கலந்த மணற்பாங்கான பூமி வேறு. பழைய டெல்டாவின் களிமண் வயலில் ஒரு மழைக்குப் பின் இந்த யந்திரத்தை இறக்கினால், திரும்ப எத்தனித்த இடத்திலேயே குழி பறித்துக்கொண்டு வயிறு தரையில் தட்ட உட்கார்ந்துவிடும்; அதை இழுத்தெடுக்க இன்னொரு யந்திரம் தேவைப்படும். நெல் வயலின் சமனையும் அது கெடுக்கும். நஞ்சைக்கு இது ஏற்றதன்று என்பதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடலாம். பேராவூரணிப் பக்கத்து மேட்டாங்காலிலோ, தை மாதம் முதல் ஆனி வரையில் மண் காய்ந்து இறுகிக் கிடக்கும்போது இது தாராளமாக ஓடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அங்கும் கொட்டகையில் நிறுத்திவிடுவதே நல்லது.

தோப்புக்குள் இதற்குள்ள அனுகூலம் அளவிலேயே இருக்கிறது. 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் தென்னை நட்டு, மரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்திருக்கும் தோப்பில், இரண்டு பாத்திகளுக்கு நடுவே 13 அடி வழி மிஞ்சும். ஐந்து அல்லது ஆறு அடி அகலமுள்ள இந்த யந்திரம் அந்த வழியில் போகவும் வரவும் நின்ற இடத்தில் திரும்பவும் செய்யும். ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ள பெரிய ஜேசிபி அதே வழியில் நுழைந்தாலும் திரும்புவதற்குத் திண்டாடும்; அதன் எடையும் மண்ணை அமுக்கிவிடும். ஆயினும் வட்டப்பாத்திக்குள் எந்தக் காரணத்தைக் கொண்டும் இதன் டயர் படக்கூடாது. தென்னையின் உணவு வேர்களில் பெரும்பகுதி அந்த ஆறடி வட்டத்துக்குள்ளேதான் இருக்கிறது. அங்கே இந்த டயர்கள் ஒரு முறை அரைத்துத் திரும்பினால், அதன் பலனைக் காய்ப்பில் அனுபவிக்க நேரும்.

சரி, இதைக்கொண்டு என்ன வேலை செய்வது? பேராவூரணிப் பிரதேசத்தில் இதற்கு உண்மையான வேலை இருக்கும் இடங்கள் மூன்று. கயிற்று நார் ஆலைகளில் மலைபோல் குவியும் தேங்காய் மட்டையைத் தள்ளவும், நார்க்கழிவை வாரிக் காயவைக்கும் களத்தில் பரப்பவும், காய்ந்ததைக் குவித்து லாரியில் ஏற்றவும் இது மிகவும் பொருத்தமானது. பத்து இருபது மாடுகளுக்கு மேல் வைத்துப் பால் பண்ணை நடத்துவோர் தொழுவத்துச் சாணத்தை அள்ளவும் எருக்குழியைப் புரட்டவும் உபயோகிக்கலாம். எருக்குழியை அடிக்கடி புரட்டிக் காண்டாமிருக வண்டின் புழுக்களை வெளியே கொண்டுவந்து அழிப்பது தென்னைக்குச் செய்யும் முக்கியமான பாதுகாப்புகளில் ஒன்று. ஆள் கிடைக்காமையால் பல தோப்புகளில் அது நின்றே போயிருக்கிறது. மூன்றாவது, தோப்பு வேலை: ஏரியிலிருந்து வட்டாட்சியர் அனுமதி பெற்று எடுத்துவந்து தோப்பு வாசலில் டிராக்டர் கொட்டிவிட்டுப் போகும் வண்டல் மண்ணை உள்ளே கொண்டுபோய்ப் பரப்புவது, விழுந்த மட்டையையும் தடியையும் ஓரிடத்தில் சேர்ப்பது, குழி தோண்டும் கருவியை மாட்டிக்கொண்டு கன்றுக்குக் குழி எடுப்பது ஆகியவை.

பெரிய மண் வேலைக்கு இதை நம்பக் கூடாது. இதன் பக்கெட் பெரும்பாலும் அரைக் கன மீட்டருக்கு உட்பட்டது. தரைமட்டத்துக்குக் கீழே ஆழமாகத் தோண்டும் கையும் இதற்கு இல்லை. கஜாவுக்கு அடுத்த ஆண்டு, 2019-இல், கைஃபா என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம் பேராவூரணிப் பெரிய குளத்தைத் தூர்வாரும் பணியை மேற்கொண்டதை இந்த வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. வெளிநாட்டு உத்தியோகத்திலிருந்து திரும்பிய நிமல் ராகவனும் ஊர் இளைஞர்களும் ஜனங்களிடம் திரட்டிய பணத்தைக்கொண்டு அந்த 564 ஏக்கர்க் குளத்தில் இறக்கியவை பெரிய மண்வெட்டி யந்திரங்களே. அத்தகைய வேலைக்குப் பெரிய யந்திரத்தை வாடகைக்கு எடுத்து, வேலை முடிந்ததும் அனுப்பிவிடுவதுதான் விவேகம். வருஷம் முழுவதும் தினந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கும் சிறு வேலைக்கே சொந்த யந்திரம்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். தொகைகள் உதாரணத்துக்காகச் சொல்பவை; அவரவர் ஊர் நிலவரத்தை இட்டு மாற்றிக்கொள்ளலாம். பழைய யந்திரம் 7 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீத வட்டிக்கு வருஷம் 84,000 ரூபாய். ரிப்பேர், டயர், இன்ஷூரன்ஸ், வருஷா வருஷம் குறையும் மதிப்பு எல்லாம் சேர்த்து 96,000 ரூபாய் என்று மிதமாகவே போட்டாலும், யந்திரம் ஓடினாலும் நின்றாலும் வருஷத்துக்கு 1,80,000 ரூபாய் போகும். வாடகை யந்திரத்துக்கு டீசல், ஆபரேட்டர் உட்பட மணிக்கு 1,200 ரூபாய் கொடுக்கிறோம். சொந்த யந்திரத்துக்கு டீசலும் ஆபரேட்டர் சம்பளமும் மணிக்கு 600 ஆகிறது என்றால், ஒரு மணிக்கு மிச்சமாவது 600 ரூபாய். ஆகவே வருஷத்தில் 300 மணி நேரம் ஓடினால்தான் கைப்பிடித்தம் இல்லாமல் கணக்கு நேராகும். பத்து ஏக்கர் தென்னையை மட்டும் வைத்திருப்பவருக்கு 300 மணி நேர வேலை ஒருக்காலும் கிடைக்காது. நார் ஆலைக்காரருக்கு இரண்டு மூன்று மாதத்திலேயே கிடைத்துவிடும். தோப்புக்காரர்கள் நாலு பேர் கூடி ஒன்றை வாங்கி, யாருக்கு எப்பொழுது என்பதையும் ரிப்பேர்ச் செலவை எப்படிப் பங்கிடுவது என்பதையும் ஆரம்பத்திலேயே எழுதி வைத்துக்கொண்டால், அதுவும் நடக்கக்கூடிய ஏற்பாடே.

வாங்குவதில்லை என்று தீர்மானிப்பவர்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை யந்திரங்களை வாடகைக்குக் கொடுத்து வருகிறது. உழவன் செயலி மூலமாகவும் பதிவு செய்துகொள்ளலாம். வேளாண் யந்திரங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் மானியம் அங்கீகரிக்கப்பட்ட புது யந்திரங்களுக்கே உரியது. பழைய யந்திரத்துக்கும் மானியம் வாங்கித் தருகிறேன் என்று எந்தத் தரகராவது சொன்னால், அந்தப் பேச்சை அவ்வளவோடு நிறுத்திக்கொள்வது நலம்.

கணக்குச் சரியாக வந்து, வாங்குவது என்று முடிவான பிறகு செய்ய வேண்டியது பரிசோதனை. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து விலை பேசிய நம் முன்னோருடைய நிதானம் இங்கேயும் தேவை. "பெயிண்ட் அடிச்சுப் புதுசாட்டம் இருக்கு பாருங்கண்ணே" என்று விற்பவர் சொல்லும்போது, அந்தப் பெயிண்ட் எதை மறைக்கிறது என்று பார்ப்பதுதான் வாங்குபவருடைய கடமை. தூக்கும் கைகள் உடலோடு சேரும் இடங்களிலும், பக்கெட் மாட்டும் சட்டத்திலும் வெடிப்புக் கண்டு பற்றவைத்த தழும்புகள் இருக்கின்றனவா என்று விரலால் தடவியே பார்க்க வேண்டும். ஒரே நேரான பற்றாக, கம்பெனியில் வைத்தது போல் இருந்தால் கவலையில்லை. மேடும் பள்ளமுமாக, பட்டறையில் அவசரமாக வைத்த பற்று இருந்தால், அந்த யந்திரம் தன் சக்திக்கு மீறிய சுமையைத் தூக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

யந்திரம் எத்தனை மணி நேரம் உழைத்திருக்கிறது என்பதைக் காட்ட ஹவர் மீட்டர் உண்டு. காண்டிராக்டர்களிடம் இருக்கும் யந்திரம் வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரம் ஓடுவது சாதாரணம். பத்து வருஷத்து யந்திரத்தில் மீட்டர் 2,000 காட்டினால், மீட்டர் மாற்றப்பட்டதா என்ற கேள்வி எழ வேண்டும். அதற்குரிய சாட்சிகள் யந்திரத்திலேயே இருக்கின்றன. லீவரின் கைப்பிடி மழமழவென்று தேய்ந்து, பெடல் ரப்பர் கரைந்து, இருக்கை கிழிந்து, பின்னும் புஷ்ஷும் ஆடிப்போயிருந்தால், மீட்டர் என்ன சொன்னாலும் அது அதிகம் உழைத்த யந்திரம்தான். பக்கெட்டைத் தரையிலிருந்து சற்றே தூக்கி நிறுத்தச் சொல்லி, ஓர் இரும்புத் தடியால் நெம்பிப் பார்த்தால், பின்கள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பது உடனே புலப்படும்.

என்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்ப்பது மிக முக்கியம். நாம் போய்ச் சேருவதற்கு முன்பே என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், அதில் ஏதோ காரணம் இருக்கக்கூடும். அது ஆறும் வரையில் காத்திருக்கலாம், அல்லது மறுநாள் காலையில் போகலாம். ஸ்டார்ட் ஆனதும் வரும் புகை சில விநாடிகளில் தெளிய வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. வெண்புகை நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கையில் புகை குபுகுபுவென்று அழுத்தத்தோடு வந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. இவையெல்லாம் டிராக்டர் வைத்திருப்பவர்கள் அறிந்த விஷயங்களே. இந்த யந்திரத்தில் அவர்கள் அறியாதது, இதன் உயிர்நாடியான ஆயில் பம்புகளும் மோட்டார்களும்.

பழைய ஸ்கிட் ஸ்டியரில் பணத்தை விழுங்குவது என்ஜினைக் காட்டிலும் இந்தப் பகுதிதான். தேய்ந்த பம்பு, ஆயில் குளிர்ச்சியாக இருக்கும்போது நன்றாகவே வேலை செய்யும். ஆயில் சூடாகி நீர்த்த பிறகுதான் அதன் பலவீனம் வெளிப்படும். ஆகவே அரை மணி நேரமாவது சுமையோடு ஓட்டிப் பார்க்காமல் இந்த யந்திரத்தைப் பற்றி எந்த அபிப்பிராயத்துக்கும் வரக்கூடாது. நன்றாகச் சூடேறிய பின்பு பக்கெட்டை ஒரு மண்மேட்டில் முட்டவைத்துத் தள்ளச் சொல்ல வேண்டும். இரு பக்கத்துச் சக்கரங்களும் ஒரே மாதிரி பிடித்துத் தள்ளி, பின்னர் ஒரே மாதிரி வழுக்க வேண்டும். ஒரு பக்கம் வழுக்க, மறு பக்கம் சோர்ந்து நின்றுவிடுமானால், நின்ற பக்கத்துப் பம்போ மோட்டாரோ தேய்ந்திருக்கிறது. அதற்குச் செலவாகும் தொகை சில சமயம் யந்திரத்தின் விலையில் கணிசமான பங்காக இருக்கும். பிறகு பக்கெட் நிறைய மண்ணை வாரி இடுப்பு உயரத்துக்குத் தூக்கச் சொல்லி, ஓட்டுகிறவர் லீவரைத் தொடாமல் இருக்கையிலேயே இருக்க, நாம் எட்ட நின்று கவனிக்க வேண்டும்; சில நிமிஷங்களில் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. ஹைட்ராலிக் ஆயிலைச் சிறிது எடுத்து வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தால், பால்போல் வெளுத்திருப்பது தண்ணீர் கலந்ததற்கும், கருகிய வாடை அளவுக்கு மீறிச் சூடானதற்கும் அடையாளம்.

சக்கரங்களைச் சுழற்றும் சங்கிலிகள் இரு பக்கங்களிலும் ஆயில் நிறைந்த பெட்டிகளுக்குள் மறைந்திருக்கின்றன. முன்னும் பின்னுமாக மெதுவாக மாற்றி மாற்றி ஓட்டும்போது 'டக்' என்று ஒரு குலுக்கல் கேட்டால் சங்கிலி தளர்ந்துவிட்டது. அந்தப் பெட்டியின் ஆயிலில் இரும்புத்தூள் மின்னினால் விலையை வெகுவாகக் குறைத்துப் பேச வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். நான்கு டயர்களும் ஒரே அளவாகவும் ஒரே அளவு தேய்ந்தவையாகவும் இருப்பது இதில் அலங்காரத்துக்காக அன்று. ஒரே சங்கிலியால் பிணைக்கப்பட்ட இரண்டு சக்கரங்களில் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால், ஓடும் தூரமெல்லாம் அவை ஒன்றையொன்று இழுத்துச் சங்கிலியை நாசமாக்கும்.

நம் பக்கத்துக்கே உரிய இரண்டு ஜாக்கிரதைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம் கடற்கரையை ஒட்டி இறால் பண்ணைகளிலும் உப்புக் காற்றிலும் உழைத்த யந்திரமானால், மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அடிப்பாகத்தின் தகடும் மின்சார ஒயர்களின் முனைகளும் அரித்துப்போயிருக்கும். பலகை ஒன்றைக் கழற்றி உள்ளே பார்க்காமல் திருப்தியடையக் கூடாது. நார் ஆலையில் உழைத்த யந்திரமானால், ரேடியேட்டரின் கண்களிலும், பின்புறத்து என்ஜின் அறையிலும் தேங்காய் நார்த் தூசி அடைந்து கிடக்கும். அது சூடான புகைக்குழாயின் மேல் படிந்து தீப்பிடித்தால் யந்திரம் முழுவதும் எரிந்துபோகும். வாங்கிய பின்னும் நார் ஆலை வேலைக்கு விடுகிறவர்கள் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் காற்றடித்து அந்த அறையைச் சுத்தம் செய்வதை ஒரு நியமமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

உதிரி பாகங்களைப் பற்றியும் முன்கூட்டி விசாரிப்பது அவசியம். ஜேசிபியின் பெரிய யந்திரத்துக்குரிய பாகம் பட்டுக்கோட்டையிலோ தஞ்சாவூரிலோ அன்றைக்கே கிடைக்கலாம். வெளிநாட்டிலிருந்து பழையதாகவே இறக்குமதியாகி வந்த ஒரு ஸ்கிட் ஸ்டியரின் பம்புக்கு உரிய சீல் அப்படிக் கிடைக்காது. யந்திரத்தின் மாடல் எண்ணையும் என்ஜின் எண்ணையும் குறித்துக்கொண்டு, பில்டர், சங்கிலி, டிரைவ் பம்பு ஆகிய மூன்றுக்கும் கடையில் விலையும் வந்துசேரும் நாளும் கேட்டுவிட்டு, அதன் பிறகு விற்பவரிடம் பேச உட்காருவதே முறை. இன்னொன்று: ஐம்பது குதிரைத் திறனுக்கு மேற்பட்ட கட்டுமான வாகனங்களுக்கு 2021 ஏப்ரலில் புதிய புகைக் கட்டுப்பாடுகள் வந்தபின் என்ஜின்களில் மின்னணுக் கருவிகள் அதிகரித்துவிட்டன. அதற்கு முந்திய யந்திரத்தின் டீசல் பம்பை ஊர்ப் பட்டறையிலேயே பழுது பார்த்துவிடலாம். கிராமத்தில் வைத்து உபயோகிக்கிறவருக்கு இது அற்ப விஷயமன்று.

பத்திர விஷயத்தில் அநேகர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். தொழிற்சாலை மதிலுக்குள்ளேயே காலம் கழித்த இத்தகைய யந்திரங்களுள் சில, போக்குவரத்து அலுவலகத்தில் ஒருபோதும் பதிவாகாதவை. மலிவாகக் கிடைப்பதற்கும் சில சமயம் அதுவே காரணம். பதிவில்லாத யந்திரம் ரஸ்தாவில் இறங்கக்கூடாது; விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது; திரும்ப விற்கும்போதும் விலை போகாது. பதிவானதாக இருந்தால், ஆர்.சி. புத்தகத்திலுள்ள என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் யந்திரத்தில் பொறித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். பதிவு எண்ணைக்கொண்டு, மத்திய அரசாங்கத்தின் வாகன் இணையதளத்தில், யந்திரத்தின் பேரில் கடன் நிலுவையில் இருக்கிறதா என்று பார்க்கலாம். பைனான்ஸ் கம்பெனியின் பெயர் அதில் நீங்காமல் இருந்தால், அந்தக் கம்பெனி கொடுத்த தடையில்லாச் சான்றும் 35-ஆம் படிவமும் கைக்கு வரும் வரையில் முழுத் தொகையையும் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் படிவங்களில் விற்பவரின் கையெழுத்தைப் பணம் கைமாறும் அன்றே வாங்கிக்கொள்ள வேண்டும். பிற்பாடு போட்டுத் தருகிறேன் என்பவரை நம்பி அலைந்தவர்களின் கஷ்டத்தை நான் அருகிருந்து கண்டிருக்கிறேன். வாங்கிய யந்திரத்தை ரஸ்தாவிலேயே ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று எண்ணாமல், லாரியில் ஏற்றிக் கொண்டுவருவதற்கு ஆகும் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலானது, ஓட்டுகிறவனுடைய உயிர். இந்த யந்திரங்களில் பெரும்பாலானவற்றில் ஆபரேட்டர் உட்காருவது, தூக்கும் கைகள் இரண்டுக்கும் நடுவே. அவற்றில் ஏறுவதும் இறங்குவதும் முன்புறமாக, பக்கெட்டைத் தாண்டித்தான். கைகள் மேலே தூக்கியிருக்கும்போது ஒருவன் இறங்க முயன்று, அவன் கால் பட்டோ துணி மாட்டியோ பெடல் அசைந்துவிட்டால், அந்தக் கைகள் இறங்கி அவனைச் சட்டத்தோடு சேர்த்து நசுக்கிவிடும். உலகெங்கும் இந்த யந்திரத்தால் நேர்ந்த மரணங்களில் பல இவ்விதம் நேர்ந்தவையே. அதைத் தடுப்பதற்காகவே, இருக்கையின் முன்னுள்ள பாதுகாப்புத் தண்டை உயர்த்திய மாத்திரத்தில் கைகளும் சக்கரங்களும் பூட்டிக்கொள்ளும்படி கம்பெனி அமைத்திருக்கிறது. பழைய யந்திரங்களில் அந்தத் தண்டு உபத்திரவமாக இருக்கிறதென்று கழற்றி எறிந்துவிட்டும், அதன் ஒயரை நேராக முறுக்கி இணைத்துவிட்டும் ஓட்டுவது உண்டு. தலைக்கு மேலுள்ள இரும்புக் கூண்டையும், உயரம் போதவில்லை என்று அறுத்துவிடுகிறார்கள். தூக்கிய சுமையோடு வரப்பு மேட்டில் சாய்ந்தால் கவிழக்கூடிய யந்திரம் இது. கூண்டும் பெல்ட்டும் இல்லாவிட்டால் கவிழ்ந்த பின் தப்புவது அரிது.

ஆகவே யந்திரத்தைப் பார்க்கப் போகும் நாளில், என்ஜினையும் பம்பையும் பார்ப்பதற்கு முன்னதாகவே, அதை ஓடவிட்டு, இருக்கையில் அமர்ந்தபடி அந்தத் தண்டை உயர்த்திவிட்டு லீவரையும் பெடலையும் அசைத்துப் பாருங்கள். கைகளோ சக்கரங்களோ சிறிதேனும் அசைந்தால், அந்தக் குறையைச் சரி செய்து காட்டிய பிறகு விலை பேசலாம் என்று சொல்லி இறங்கிவிடுங்கள். சரி செய்யாத யந்திரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அதை வாங்கி வந்து, கூலிக்கு வரும் ஊர்ப்பிள்ளை ஒருவனை அதில் உட்கார வைக்காதீர்கள்.